ரேம்ப் உடைத்த வீடு

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். மொட்டை மாடியில் நின்றால் திருநீர்மலை தெரியவில்லை. வெறும் சாம்பல். துணி காயாது.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டும்போது கணக்கு டீச்சர் கேட்டாள்: "எஸ்தர் மிஸ், சாரும் ரிட்டயர்டு, நீங்களும் ரிட்டயர்டு. இனிமே வீட்டுல யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இன்று காலை அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. வாசலில் டமால், டமால் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு எங்கள் வாசல் ரேம்ப்பை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் என் கணவர் ஞா., அரை நிக்கரில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ரேம்ப் விஷயம்: தெருவில் ஒவ்வொருவரும் கார் ஏற்றுவதற்காக வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டிருக்கிறார்கள். எல்லாச் சரிவும் மழைநீர்க் கால்வாய் மேலேயே. கால்வாய் இருப்பதே மறந்துபோயிற்று. மழை வந்தால் தெரு குளம். ஞா. தெருச் சங்கத்தின் செயலாளர். நேற்று மாலை வரதன் சார் வீட்டு போர்டிகோவில் கூட்டம். வரதன் சார் பொருளாளர், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மென்மையாகப் பேசுவார். ஞா. ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், அம்புக்குறிகளோடு. "அவரவர் ரேம்ப்பை அவரவர் உடைக்கணும். கால்வாய்க்கு மேல இரும்பு கிராதி போட்டுக்கலாம். எனி டவுட்ஸ்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரதன் சார் மட்டும்: "கர்னல் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"குட். நாளையிலேர்ந்து அமல்."



"நாம ஏங்க முதல்ல உடைக்கணும்?" என்று இன்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆபீசர் முன்னால போனாத்தான் எஸ்தர், ஜவான் பின்னால வருவான்."

உடைந்தவை: ரேம்ப். பூந்தொட்டி இரண்டு. குடிநீர்க் குழாய் (கடப்பாரை பட்டது, சாயங்காலம் சரி செய்தார்கள்).

நவம்பர் 5, புதன்

வேறு யாரும் உடைக்கவில்லை.

வாசலில் பலகை போட்டிருக்கிறோம். பால்காரர் பலகையில் ஏறப் பயந்து பாக்கெட்டை கேட்டில் தொங்கவிட்டுப் போகிறார். கார் தெருவில் நிற்கிறது. காக்கை எச்சம்.

கலா பாத்திரம் தேய்த்துக்கொண்டே: "இன்னாம்மா, சாரு நம்ம வூட்டு வாசல மட்டும் இட்சிகினாரு? எதிர் வூட்டாண்ட எல்லாம் சிரிச்சிகினு கீறாங்க."

"எல்லாரும் இடிப்பாங்க கலா. கொஞ்ச நாள் ஆகும்."

"யாரு, இவுங்களா? நீ வேறம்மா." தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புது டைல்ஸ் ஒட்டி வெச்சிகீறான் அந்த ஐடி பையன். அதப் போயி இடிப்பானா?"

ஞா. காலையும் மாலையும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நிற்கிறார். அவர்கள் வணக்கம் சொல்கிறார்கள். இவரும் சொல்கிறார். ரேம்ப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒரு முறை சொன்ன உத்தரவை இரண்டாம் முறை சொல்வது இழுக்காம்.

எ-டு: ஒன்பதாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். வகுப்பே அமைதி. முதல் வருடம் அதைப் புரிந்தது என்று எடுத்துக்கொண்டேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது தெரிந்தது. அதற்குப் பிறகு அமைதியைக் கண்டால் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். இதை அவரிடம் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம், முகம் சரியில்லை.

உளுந்து ஊறப்போட வேண்டும்.

நவம்பர் 8, சனி

நவம்பர் என்றால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். தாம்பரத்துக்குப் போனோம். விரல் ரேகை எடுக்கும் இயந்திரம் ஞா.வின் விரலை ஏற்கவில்லை. வலது கை, இடது கை, கட்டைவிரல், எல்லாம் வைத்தாயிற்று.

அங்கே உட்கார்ந்திருந்த பெண் நல்ல பெண்தான். "அங்கிள், கைய நல்லா தொடைச்சிட்டு வைங்க. அங்கிள், அழுத்தாதீங்க. அங்கிள், ரேகையே தேஞ்சுபோச்சு போல."

ஒவ்வொரு அங்கிளுக்கும் அவர் தாடை இறுகியது. எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் கண்ணை வைத்து எடுத்தார்கள். உயிரோடு இருக்கிறார்.

வெளியே வரும்போது வாசல் காவலாளி திடீரென்று விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பட்டாளத்தில் பழைய நாயக்காம். எப்படியோ கண்டுகொண்டார். "எந்த யூனிட்?" என்று ஞா. கேட்ட குரல், நான் வீட்டில் கேட்டுப் பல வருடமான குரல். பத்து நிமிடம் இருவரும் ஏதோ ஒரு பாலத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் ஆட்டோக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டு நின்றேன்.

பாவமாகத்தான் இருக்கிறது. கர்னல் பதவியோடு அவர் நின்றுவிட்டார். கடைசி வருடங்களில் தனக்கு இளையவர்களுக்குக் கீழே வேலை பார்த்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலணியை இன்னும் பளபளப்பாகத் துடைக்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

திரும்பும்போது சண்முகம் சாலையில் கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு. கருவாடு ஈரம். ஏமாந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இரவு முழுக்க அடைமழை. தெரு குளம்.

எழுதவே கசக்கிறது. தெருவில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் வந்தது. மற்ற வீடுகளின் ரேம்ப் அணை மாதிரி நிற்கிறது. அங்கே நுழைய முடியாத நீர் கால்வாயில் திரும்பி வந்து, உடைத்த எங்கள் வாசல் வழியே உள்ளே. போர்டிகோவில் முழங்கால் அளவு. ஹாலின் படி வரை வந்து நின்றது. செருப்பு ஸ்டாண்ட் மிதந்தது.

அவர் வரைபடம் சரி. ஒரு அம்புக்குறிகூடத் தப்பில்லை. எல்லோரும் உடைத்திருந்தால் நீர் போயிருக்கும்.

பச்சை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கிவிட்டார். நேராக வரதன் சார் ரேம்ப்புக்கு. நான் மாடியிலிருந்து "என்னங்க, என்னங்க" என்று கத்துகிறேன். இரண்டு அடி அடித்திருப்பார். வரதன் சாரின் மகன் குடையோடு வந்தான்.

"அங்கிள், இது எங்க ப்ராப்பர்ட்டி."

"இது கால்வாய்ப்பா. அரசாங்க நிலம்."

"இன்னொரு தடவ தொட்டீங்கன்னா போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுப்பேன் அங்கிள். சீரியஸா சொல்றேன்." போனைத் தூக்கி வீடியோ எடுத்தான்.

"உங்க அப்பா கூட்டத்துல ஒத்துக்கிட்டார். கேட்டுப் பாரு."

வரதன் சார் பால்கனியில்தான் நின்றார். "மழை விடட்டும் சார். அப்புறம் உட்கார்ந்து பேசலாம். உங்களுக்கு ஏதாவது ஹெல்ப் வேணுமா? டிபன் அனுப்பட்டுமா?"

எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ ஒரு பெண்: "பாவம், மிலிட்டரி மூளை."

ஞா. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். நேராகத்தான் நடந்தார். குளித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, சங்கத்துக்கு ராஜினாமா எழுதினார். இட்லி சாப்பிடவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு. கலாவும் நானும் நாள் முழுக்க. பினாயில் இரண்டு பாட்டில்.

இரவுச் சாப்பாட்டில் ஞா.: "முடிவு பண்ணிட்டேன் எஸ்தர். கோயம்புத்தூர் போயிடலாம்."

கோயம்புத்தூருக்கு வெளியே, மலை தெரிகிற இடத்தில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளாகச் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. அவரோடு பயிற்சியில் இருந்த பிரிகேடியர் ஒருவர் அங்கே இருக்கிறார். பக்கத்து வீடு காலியாம், வாடகைக்குத் தருவார்களாம். இங்கே இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். அங்கே எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள். காலையில் நடை, மாலையில் கிளப். சொன்னால் சொன்னபடி நடக்கும். குழந்தை பிறந்த நாள் பரிசுப் பட்டியல் சொல்கிற மாதிரிச் சொன்னார். கண்ணில் வெளிச்சம்.

"எனி டவுட்ஸ்?"

வஞ்சிர மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். இன்னொரு முள்.  

"குட்," என்றார். மோர் கேட்டார்.

நவம்பர் 15, சனி

காலை. கலா: "வூட்ட காலி பண்றீங்களாமே? புரோக்கர் பாபு டீக்கடையாண்ட சொல்லிகினு இருந்தான்."

பதினொரு மணிக்கு பாபுவே வந்துவிட்டார். கூடவே இளம் தம்பதி. பையனுக்கு ஒரகடத்தில் வேலை, படப்பை வழியாகத் தினம் போய்வர இது வசதி. நல்ல பிள்ளைகள். செருப்பை வெளியே விட்டார்கள்.

அந்தப் பெண் நேராகச் சமையலறைக்கு. நான் அங்கே சாம்பார் கொதிக்க விட்டு நிற்கிறேன். போனை வைத்துச் சுவரை அளந்தாள். "ஃப்ரிட்ஜ் இங்க வரும். ஆன்ட்டி, இந்த ஷெல்ஃப எடுத்துடலாமா? டபுள் டோர் ஃப்ரிட்ஜ், இடிக்கும்."

அந்த ஷெல்ஃப். ராணுவக் குடியிருப்பில் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் கட்டடப் பிரிவுக்கு எழுதிப்போட வேண்டும். அனுமதி வருவதற்குள் அடுத்த ஊருக்கு மாற்றல் வரும். காலண்டரைக் கட்டில் காலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் செய்த வேலை: சுத்தியலை எடுத்துச் சமையலறையில் ஆணி அடித்தது. என் கை எட்டும் உயரத்தில். என் ஷெல்ஃப்.

"மேடத்த கேட்டுக்கோங்க," என்றான் பையன் மெதுவாக. நல்ல பையன்.

பாபு என் முகத்தைப் பார்த்தார். ஞா.வைப் பார்த்தார். "மேடம் ஒண்ணியும் சொல்லல. அப்ப ஓகேதான் சார். எடுத்துக்கலாம்மா!"

சாம்பார் அடிப்பிடித்தது.

நவம்பர் 16, ஞாயிறு

ஆலயம். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் மூன்று பேர்: "கோயம்புத்தூர் போறீங்களாமே, குடுத்து வெச்சவங்க."

மாலை பியூலா போன். மகள், புனேயில்.

"டாடி எல்லாம் சொன்னார்மா. சூப்பர்மா. அங்க லிஃப்ட் இருக்கு, ஹாஸ்பிடல் பக்கத்துல. நீங்களும் ஓகேன்னு சொன்னார்."

"நான் ஓகேன்னு சொல்லலையே."

"வேண்டாம்னும் சொல்லலையாமே?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பாருங்க, இப்பவும் சைலண்டா இருக்கீங்க. என்னம்மா, ஒரு ஊர் மாறறதுக்கு இவ்ளோ யோசனை? நான் எத்தனை ஸ்கூல் மாறினேன்? என்னக் கேட்டுக்கிட்டா மாத்துனீங்க?"

குத்தியது. குத்தட்டும் என்றுதான் சொன்னாள். பின்னால் பேத்தி ஏதோ கத்தினாள். "இவ வேற, கதவ சாத்திக்கிட்டு பேசவே மாட்டேங்கறா. சரிம்மா, வெக்கறேன்."

ஊர்கள், அங்கே விட்டுவந்தவை:
ஜபல்பூர் – நான் நடத்திய ஐந்தாம் வகுப்பு, பின்னம் பாதியில்.
பரேலி – கறிவேப்பிலைச் செடி. அந்த மண்ணில் அதைப் பிழைக்க வைக்கப் பட்ட பாடு.
ராஞ்சி – நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு, அடுத்த வாரம் இருந்தது.
தேஜ்பூர் – பக்கத்து வீட்டு வங்காளத் தோழி. முகம் நினைவிருக்கிறது. பெயர் வரமாட்டேன் என்கிறது.
பட்டாளத்துப் பள்ளிகளில் எப்போதும் தற்காலிக ஆசிரியை. அதிகாரியின் மனைவிதானே, போய்விடுவாள் என்று எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் தெரியும்.

தாம்பரத்தில் மட்டும்தான் நிலைத்தேன். அதுகூட நான் கேட்டு வாங்கியது அல்ல. ஞா.வுக்கு எல்லைப் பகுதியில் பணி, குடும்பம் போகக் கூடாது என்று விதி. விதி என்னை இங்கே நிறுத்தியது. நான் வேலைக்குப் போனேன், பிள்ளையை வளர்த்தேன், பி.எஃப். போட்டேன், வீடு கட்டினேன். மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். அவர் விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டு "வெல் டன்" என்றார்.

போவதும் உத்தரவு. இருந்ததும் உத்தரவு. இப்போது உத்தரவு போட மேலே யாருமே இல்லை. அப்படியும் உத்தரவு வந்துவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டிகளை இறக்கினார். ஆள் வைக்கவில்லை, அவரே. முதுகு பிடித்துக்கொள்ளும் என்றேன். கேட்கவில்லை.

பெட்டி மேல் வெள்ளை எழுத்தில் அவர் பெயர், பதவி, கடைசியாக வந்த ஊர். அடியில் அழிக்கப்பட்ட ஊர்கள் மங்கலாகத் தெரிகின்றன. வராந்தாவில் உட்கார்ந்து கறுப்புப் பெயிண்ட் அடித்து, காயவைத்து, மேலே வெள்ளையில் புது ஊர். நாக்கைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு எழுதுகிறார். சீட்டியடிக்கிறார்! எத்தனை வருடமாயிற்று. இந்தத் தெரு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பெட்டி திருப்பிக் கொடுத்துவிட்டது.

அவர் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. இதை யாரிடம் சொல்வது?

ஃப்ரிட்ஜ் மேல் நகர்வுத் திட்டம் ஒட்டியிருக்கிறது. முதல் வரி: 'சமையலறை பேக்கிங் – பொறுப்பு: திருமதி'.

திருமதி.

கலா அதைப் பார்த்து: "இன்னாம்மா எழுதிகீது?"

"எனக்கு வேலை குடுத்திருக்கார்."

"நீ இன்னாத்துக்கு ஊமை மாரி கீற? ஸ்கூல்ல அவ்ளோ பசங்கள கத்துவியே."

மாவு அரைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன். நடந்தது நடந்தபடி.

காலை காபிக்குப் பிறகு. வராந்தாவில் இரண்டாவது பெட்டிக்கு எழுத்து போட்டுக்கொண்டிருந்தார். பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு உதாரணம் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க டீச்சர்." நல்ல மனநிலை.

ஒன்பதாம் வகுப்பு, ஒளிவிலகல், அமைதி, பரீட்சைத் தாள், எல்லாம் சொன்னேன். அவர் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னேன்: "அன்னிக்கு வரதன் சார் வீட்டுல எல்லாரும் பேசாம உட்கார்ந்திருந்தாங்களே, அது சரின்னு இல்லைங்க."

பிரஷ் நின்றது. "பின்னே?"

"வேண்டாம்னு."

"வரதன் 'சரியாத்தான் இருக்கும்'னானே?"

"இந்தப் பக்கத்துல அதுவும் வேண்டாம்தான். மரியாதையான வேண்டாம்."

பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். "ஒரு கான்ஃபரன்ஸ்ல டவுட் இருக்கான்னு கேட்டா, இருக்கறவன் எழுந்து சொல்லணும். சொல்லலைன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு? கோழைங்க."

"நானும்தான் சொல்லலை."

"நீ என்ன சொல்லலை?"

"கோயம்புத்தூர்."

நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளைப் பெயிண்ட் மூக்கில் பட்டது.

"நான் கேட்டேனே எஸ்தர். உன்னைக் கேட்டேன். டவுட் இருக்கான்னு."

"கேட்டீங்க. எனக்கு டவுட் எதுவும் இல்லைங்க. நீங்க சொன்னது எல்லாம் நல்லா புரிஞ்சுது. எனக்கு இஷ்டம் இல்லை."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் முருங்கைக்காய் முருங்கைக்காய் என்று போனார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ இப்படிச் சொன்னதில்ல."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க அதைக் கேக்கலை."

"பிரிகேடியருக்கு வாக்கு குடுத்துட்டேன். ஒண்ணாம் தேதிலேர்ந்து வர்றோம்னு."

"எனக்கு?"

பெயிண்ட் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரோஜர்," என்றார். எழுந்து போனார்.

செய்தி கிடைத்தது என்று பொருள். அவ்வளவுதான் பொருள்.

நவம்பர் 22, சனி

காபி டம்ளர் வைக்கும் சத்தம், செய்தித்தாள் மடிக்கும் சத்தம்.

அவர் பேசாமல் இருப்பதற்கு என்ன பொருள் என்று நான் உட்கார்ந்து யோசிக்கிறேன். பாடம் எடுத்தவளுக்கே பரீட்சை.

மாலை பாபுவுக்குப் போன் போட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கேட்டது. "வீடு வாடகைக்கு இல்லை. மேடம் இங்கேயே இருக்காங்க. அந்தப் பையன்கிட்ட நான் ஸாரி கேட்டேன்னு சொல்லுங்க. என் தப்பு."

என் தப்பு என்று அவர் வாயால். பாபுவிடம்!

எனக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து போய் வெங்காய பக்கோடா போடலாம் என்று மாவைக் கரைத்தேன். ஞா. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"வீடு உன்னோடது. நீதான் கட்டினே. நீ இரு. நான் போறேன்."

"தனியாவா?"

"வாக்கு குடுத்துருக்கேன்." மாவுக் கிண்ணத்தைப் பார்த்தார். "இந்தத் தெருவுல என்னால முடியாது எஸ்தர். காலையில கேட்டைத் திறக்க முடியலை."

அது உண்மை என்று தெரியும். நான் இளகியதும் உண்மை. 'போகாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பாரோ என்னவோ. எனக்கு இஷ்டமில்லை என்று சொல்வதற்கே இத்தனை வருடம் ஆயிற்று. அந்த வாயால் உடனே இன்னொன்று வரவில்லை.

பக்கோடா மொறுமொறுப்பாக வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 24, திங்கள்

பியூலா: "டாடி தனியாப் போறாராம். இந்த வயசுல. இப்போ சந்தோஷமாம்மா உங்களுக்கு?"

என் மனசைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான், இந்த விஷயத்தில். நேர்மையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "சந்தோஷம் இல்ல பியூலா. ஆனா..." லைன் கட். அவள் கட் செய்தாளா, சிக்னலா, தெரியவில்லை. திரும்ப வரவில்லை.

ஞா.வுக்கு எடுத்துவைத்தவை: ஸ்வெட்டர். முழங்கால் பட்டை. ரத்த அழுத்த மாத்திரை, ஒரு மாதத்துக்கு. இட்லிப்பொடி. வேதாகமம், சிறிய எழுத்து வேண்டாம் என்று பெரிய எழுத்து. அவர் நான் வைத்ததை எல்லாம் வெளியே எடுத்து, அவர் முறைப்படி மறுபடி அடுக்கினார். மாத்திரை முதலில் எடுக்க வருகிற மாதிரி மேலே. சரியாகத்தான் அடுக்கினார்.

பெட்டி ஒன்று போதும் என்றார்.

நவம்பர் 26, புதன்

விடிவதற்குள் டாக்சி, சென்ட்ரலுக்கு. பனி.

பெட்டியைப் பலகை மேல் தூக்க முடியவில்லை. வரதன் சார் நடைக்குக் கிளம்பியவர் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். "கர்னல் சார் இல்லாத தெருவும் ஒரு தெருவா சார்? சீக்கிரம் வந்துடணும்."

ஞா. அவரை ஒரு கணம் பார்த்தார். "வரதன், நீங்க இப்போ சொல்றது என்னன்னு என் வீட்டுல ட்ரான்ஸ்லேட் பண்ண ஆள் இருக்கு."

வரதன் சார் சிரித்தார். புரியாமல்தான். நானும் சிரித்துவிட்டேன். ஞா.வும் கொஞ்சம். மூன்று பேர் பலகை மேல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த நேரத்தில் மட்டும், அவர் போகாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சட்டைக் காலரைச் சரி செய்யக் கை நீட்டினேன். ஏற்கனவே சரியாக இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

வெயில் நன்றாக அடிக்கிறது. போர்வை எல்லாம் துவைத்துப் போட்டாயிற்று. கலா வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு டம்ளர் அரிசி போதும் என்பது கை மறந்துபோய் இரண்டு போட்டுவிட்டது.

பத்தரைக்கு ஞா. போன்.

"வீடு ஒண்ணாம் தேதிதான். அதுவரைக்கும் கெஸ்ட் ரூம், நல்லா இருக்கு. காலையில எல்லாரும் சேர்ந்து நடந்தோம். மெஸ் சாப்பாடு சுமார். நீ ஓகேவா?"

"ம்," என்றேன்.

"குட்," என்றார். வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அந்த 'ம்'முக்குள் எத்தனை இருந்தது. பாதியைக்கூட அவர் காது எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கிளப்புக்குப் போயிருப்பார்.

பியூலா, இந்த நோட்டு என்றைக்காவது உன் கையில் வரும். அப்போது நானும் உன் அப்பாவும் செய்தது சரியா தப்பா என்று கணக்குப் போடாதே. ஒன்றே ஒன்று செய்து பார். அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் உன் மகளின் அறைக்குள் போ. 'ஓகேவா?' என்று கேட்காதே. 'எது ஓகே இல்லை?' என்று கேள். கேட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார். பதில் வரும் வரை எழுந்திருக்காதே.